நில அனுமதியும் குடிநீங்கா உரிமையும்

ஒருவருக்குச் சொந்தமான நிலத்தில் மற்றொருவர் பயிரிடவோ, குடியிருக்கவோ, வழி நடக்கவோ சொந்தக்காரர் தரும் இசைவு நில அனுமதி எனப்படும். கொடுத்தவர் நினைத்தால் அதைத் திரும்பப் பெறலாம். நில உரிமை அப்படிப்பட்டதன்று. அது கொடுத்தவருக்கு எதிராகவும் நிற்கும். வாரிசுகளுக்குச் செல்லும். விற்கலாம், அடகு வைக்கலாம். சட்டம் சொல்லும் காரணமும் நடைமுறையும் இல்லாமல் அதைப் பறிக்க முடியாது.

இரண்டையும் வெளியிலிருந்து பார்த்து வேறுபடுத்துவது கடினம். அனுமதியில் இருப்பவரும் உரிமையோடு இருப்பவரும் ஒரே விதமாக உழுகிறார்கள், ஒரே விதமாக வீடு கட்டுகிறார்கள், சில வேளை ஒரே விதமாக வரியும் கட்டுகிறார்கள். சொந்தக்காரர் 'வெளியேறு' என்று சொல்லும் நாளில்தான் வேறுபாடு தெரியவரும். தமிழகத்தின் நில வரலாற்றில் பெரும் பகுதி, உழுபவரின் அனுபவம் இந்த இரண்டில் எது என்ற வழக்கின் வரலாறே. இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் ஜமீன் ஊர்களும் அரசின் நேரடி ஊர்களும் அருகருகே இருந்தன. பின்னாளில் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளும் அங்கே எழுந்தன. அதனால் இவ்வழக்கின் எல்லா வடிவங்களையும் அவ்வட்டாரத்தில் காணலாம்.

சட்டம் காட்டும் வேறுபாடு

இந்தியாவில் நில அனுமதிக்கு இலக்கணம் வகுத்தது 1882ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டம். தமிழில் இதை வசதியுரிமைச் சட்டம் என்பர். முதலில் சென்னை மாகாணத்திலும் மத்திய மாகாணங்களிலும் குடகிலும் மட்டுமே இது நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, அனுமதி இல்லாவிட்டால் குற்றமாகவோ அத்துமீறலாகவோ ஆகக்கூடிய ஒரு செயலைப் பிறர் நிலத்தில் செய்யத் தரப்படும் இசைவே அனுமதி. நிலத்தில் எந்தப் பாத்தியதையையும் அது தராது.

இதன் விளைவுகள் பல. அனுமதியை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நிலத்தை விற்றுவிட்டால் வாங்கியவரை அந்த அனுமதி கட்டுப்படுத்தாது. சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒருவர் தன் களத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மிளகாய் வத்தல் காயப்போட விடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். இருபது ஆண்டுகள் அப்படி நடந்தாலும், களத்தை வாங்கிய புதியவர் 'இனி வேண்டாம்' என்றால் அதோடு முடிந்தது. அதைக் காலி செய்ய நியாயமான அவகாசம் மட்டும் கேட்கலாம்.

இதிலிருந்து வேறொன்றும் பிறக்கிறது. பிறர் நிலத்தைச் சொந்தக்காரருக்கு எதிராக, வெளிப்படையாகப் பன்னிரண்டு ஆண்டுகள் அனுபவித்தவர் எதிரிடை அனுபவ பாத்தியம் கோர முடியும். அரசு நிலமென்றால் முப்பது ஆண்டுகள் ஆக வேண்டும். ஆனால் அனுமதியோடு இருந்தவர் எத்தனை தலைமுறை இருந்தாலும் அப்படிக் கோர முடியாது. கேட்டு வாங்கி இருந்தவரைவிடக் கேட்காமல் இருந்தவருக்குச் சட்டம் சில வேளை அதிக வாய்ப்பளிக்கிறது.

சட்டம் ஒரு விலக்கையும் வைத்திருக்கிறது. அனுமதியை நம்பிச் செலவு செய்து நிலையான கட்டுமானம் எழுப்பியவரிடமிருந்து, 60ஆம் பிரிவின்படி, அனுமதியைத் திரும்பப் பெற முடியாது. 1987இல் இராம் சரூப் குப்தா எதிர் பிஷண் நாராயண் இண்டர் கல்லூரி வழக்கில், பிறர் நிலத்தில் கட்டிடம் எழுப்பிய பள்ளிக்கு இவ்விலக்கு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குத்தகை வேறு வகை. குத்தகைக்காரருக்குக் குறித்த காலத்துக்கு நிலத்திலேயே ஒரு பாத்தியதை உண்டாகிறது. ஓர் ஆவணம் குத்தகையா அனுமதியா என்பது அதன் தலைப்பைப் பொறுத்ததன்று. தரப்பினர் உண்மையில் எதை நோக்கமாகக் கொண்டனர், இடம் முழுவதுமாக ஒருவர் வசம் விடப்பட்டதா என்பவையே அளவுகோல் என்று 1959இல் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

கல்வெட்டுச் சொற்கள்

இந்த வேறுபாடு ஆங்கிலேயர் கொண்டுவந்ததன்று. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் இதற்கெனத் தனிச் சொற்கள் உள்ளன. பரம்பரையாக ஆளும் நிலவுரிமை 'காணி' எனப்பட்டது. பயிரிடும் உரிமை 'காராண்மை' என்றும், அதற்கு மேல் நின்று பங்கு பெறும் உரிமை 'மீயாட்சி' என்றும் வழங்கின. கொடை நிலையானது என்பதைக் குறிக்கச் சூரிய சந்திரர் உள்ளவரை என்னும் பொருளில் 'சந்திராதித்தவற்' என்று பொறித்தனர்.

கோயிலுக்கு நிலம் விடும்போது அங்கே ஏற்கெனவே உழுதுவந்த குடிகளின் நிலை என்ன என்ற கேள்வி எழுந்தது. கல்வெட்டுகள் இதற்கு இரண்டு சொற்களைப் பயன்படுத்துகின்றன. பழைய குடிகளை அகற்றாமல் விட்ட கொடை 'குடிநீங்கா'த் தேவதானம். அவர்களை அகற்றிவிட்டுத் தந்த கொடை 'குடிநீக்கி'த் தேவதானம். முதல் வகையில் மேற்பங்கு மட்டும் கைமாறியது. உழுபவர் இருந்த இடத்திலேயே இருந்தார். இரண்டாம் வகையில் நிலமே கைமாறியது. நிலத்தின் மேலாள் மாறும்போது குடியும் மாற வேண்டுமா என்பதே பிற்காலத்தில் ஜமீன் ஊர்களில் நடந்த எல்லா வழக்குகளின் மையக் கேள்வியாயிற்று.

வடக்கே செங்கல்பட்டு, தஞ்சைப் பகுதிகளில் காணியாட்சி 'மிராசு' என்ற பெயரில் தொடர்ந்தது. அங்கே மிராசுதாரின் கீழ்ப் பயிரிட்டவர்களிலும் இரு வகை இருந்தது. உள்குடிகள் ஊரிலேயே நிலைத்தவர்கள். வாரத்தைக் கொடுத்துவரும்வரை அவர்களை எழுப்ப முடியாது. பரக்குடிகள் வெளியூரிலிருந்து வந்தவர்கள். பேசிய காலம் முடிந்தால் அவர்களின் அனுபவமும் முடிந்தது. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் மிராசு உரிமை பற்றி 1818இல் எழுதிய விடைகளில் இவ்வகைகள் விரிவாக விளக்கப்பட்டன.

பாளையமும் ஜமீனும்

இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அந்த இராமநாதபுரம் மாவட்டமே 1910இல்தான் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்டது. எனவே இவ்வட்டாரத்தின் நில நிர்வாகம் ஒரே மாதிரி இருக்கவில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் இராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்தது. மேற்கே மலையடிவாரத்தில் சேத்தூர் ஜமீன் இருந்தது. சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் அரசே நேரடியாகக் குடிகளிடம் தீர்வை வாங்கிய இரயத்துவாரி ஊர்கள் நிறைய இருந்தன.

1801இல் பாளையக்காரர் போர் முடிந்த பின், கிழக்கிந்தியக் கம்பெனி எஞ்சிய பாளையங்களை ஜமீன்களாக மாற்றியது. 1802ஆம் ஆண்டின் 25ஆம் ரெகுலேஷன் ஜமீன்தாருக்கு நிலையான பேஷ்குஷ் தொகையை நிர்ணயித்து, அவரை நிலத்தின் 'உடைமையாளர்' என்று குறித்தது. 1803இல் இராமநாதபுரத்துக்கு இவ்வாறு சனது வழங்கப்பட்டது.

'உடைமையாளர்' என்ற அந்த ஒரு சொல் நூறாண்டுக் குழப்பத்துக்கு வித்திட்டது. அதுவரை விளைச்சல் இரண்டாகப் பிரிந்தது: அரசனுக்கோ அவன் ஆளுக்கோ சேரும் மேல்வாரம், உழுபவருக்குச் சேரும் குடிவாரம். நாளடைவில் இச்சொற்கள் பங்கை மட்டுமன்றி அப்பங்குக்குரிய உரிமையையும் குறித்தன. பாளையக்காரருக்கு இருந்தது மேல்வாரம் மட்டுமானால், கம்பெனி அவருக்குத் தந்ததும் மேல்வாரமாகத்தான் இருக்க முடியும். ஜமீன்தார்கள் அப்படி நினைக்கவில்லை. மண் முழுவதும் தங்களுடையது, குடிகள் தங்கள் அனுமதியில் உழுகிறார்கள் என்று வாதிட்டனர்.

பட்டாவும் முச்சலிக்காவும்

அதே 1802இல் வந்த 30ஆம் ரெகுலேஷன், ஜமீன்தார் குடிக்குப் பட்டா கொடுக்க வேண்டும், குடி பதிலுக்கு முச்சலிக்கா எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. செலுத்த வேண்டிய வாரம் எவ்வளவு என்பதைப் பதிவு செய்து, மேல் வசூலைத் தடுப்பதே இதன் நோக்கம். 1865ஆம் ஆண்டின் வாடகை வசூல் சட்டம் இம்முறையை விரிவாக்கியது.

குடியைக் காக்க வந்த இத்தாளே அவருக்கு எதிரான சான்றாகவும் ஆயிற்று. பட்டா பசலி ஆண்டுக்கு ஒருமுறை எழுதப்பட்டது. ஆண்டுக்கு ஆண்டு எழுதப்படுவதால் அனுபவமும் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படுவதே, பசலி முடிந்ததும் நிலத்தை விடச் சொல்லலாம் என்று நில உடைமையாளர்கள் வாதிட்டனர். 1871இல் சொக்கலிங்கம் பிள்ளை எதிர் வைத்தியலிங்க பண்டார சன்னதி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ஏறக்குறைய இப்பார்வையை ஏற்றது. வெளிப்படையாகவோ குறிப்பாகவோ ஒப்பந்தம் செய்துகொண்ட காலத்துக்கு அப்பால் குடியின் அனுபவத்தை ரெகுலேஷன்களும் 1865ஆம் ஆண்டுச் சட்டமும் நீட்டிக்கவில்லை என்றது. இதனால் நிலைத்த உரிமை உண்டென்று மெய்ப்பிக்கும் சுமை உழுபவர் தலையில் விழுந்தது. எழுத்தறிவும் பழைய ஆவணமும் இல்லாத குடிகளுக்கு அது இயலாத காரியம்.

இந்த நிலை 1897இல் மாறியது. தெலுங்குப் பகுதி ஜமீன் ஒன்றில் எழுந்த வெங்கட நரசிம்ம நாயுடு எதிர் தண்டமூடி கோட்டய்யா வழக்கில் நீதிபதி எஸ். சுப்பிரமணிய ஐயர் கேள்வியையே மாற்றி அமைத்தார். ஜமீன் குடிகளின் உரிமை ஜமீன்தாரோ அரசோ குத்தகைக்கு விட்டதால் உண்டானதன்று. உழவர்கள் தரிசில் இறங்கி, திருத்தி, விளைய வைத்ததால் உண்டானது என்று தீர்ப்பு விளக்கியது. அந்த உரிமை ஜமீன்தாரிடமிருந்து வரவில்லை என்றால் ஜமீன்தார் அதைத் திரும்பப் பெறவும் முடியாது. குடியை எழுப்ப விரும்புபவர்தான் அதற்கான உரிமை தமக்கு உண்டென்று மெய்ப்பிக்க வேண்டும் என்றாயிற்று.

சுப்பிரமணிய ஐயர் மதுரை வட்டாரத்துக்காரர். அவருடைய தந்தை இராமநாதபுரம் ஜமீன்தாரின் வக்கீலாக இருந்தவர். ஜமீன் தரப்பு வாதங்களை நெருக்கமாக அறிந்த சூழலில் வளர்ந்தவரே குடிவாரத்துக்கு வலுவான அடித்தளம் அமைத்தார்.

1871க்கும் 1897க்கும் இடையில் உழுதவர் மாறவில்லை, உழவும் மாறவில்லை. மாறியது நிலம் முதலில் யாரிடமிருந்து வந்தது என்ற விளக்கம் மட்டுமே. மேலிருந்து தரப்பட்டது என்று கொண்டால் அது அனுமதி. உழைப்பால் உண்டானது என்று கொண்டால் அது உரிமை.

1908 முதல் ஜமீன் ஒழிப்பு வரை

நீதிமன்றக் கருத்தைச் சட்டமாக்கியது 1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம். ஜமீனில் இரயத்து நிலத்தை அனுபவிக்கும் ஒவ்வொரு குடிக்கும் நிலையான அனுபவ உரிமை உண்டென்று அதன் 6ஆம் பிரிவு கூறியது. அவ்வுரிமை வாரிசுக்குச் செல்லும், விற்கவும் முடியும். சட்டம் குறிப்பிடும் காரணங்களுக்காகவன்றிக் குடியை வெளியேற்ற முடியாது.

ஆனால் ஜமீன்தாரின் சொந்தச் சாகுபடியான 'பண்ணை' நிலத்துக்கு இப்பாதுகாப்பு இல்லை. அங்கே உழுபவர் பேசிய காலத்துக்கு மட்டுமே இருப்பவர். எனவே ஒரு வயல் இரயத்து நிலமா பண்ணையா என்பதே பல ஊர்களில் புதிய வழக்காயிற்று. கணக்குப்பிள்ளை எழுதும் ஒரு வரியில் ஒரு குடும்பத்தின் நிலை உரிமையிலிருந்து அனுமதிக்கு இறங்கிவிடக்கூடிய நிலை தொடர்ந்தது.

1937இல் அமைந்த காங்கிரஸ் அமைச்சரவை, த. பிரகாசம் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. குடியே மண்ணின் உடைமையாளர், ஜமீன்தார் வரி வசூலிப்பவர் மட்டுமே என்ற கருத்தை 1938இல் அக்குழு முன்வைத்தது. 1939இல் அமைச்சரவை பதவி விலகியதால் அது சட்டமாகவில்லை. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்பு மற்றும் இரயத்துவாரி மாற்றுச் சட்டம் ஜமீன்களை அரசுடைமையாக்கியது. இராமநாதபுரம் ஜமீனை 1949இல் அரசு ஏற்றது. குடிகள் இரயத்துவாரிப் பட்டா பெற்றனர். பண்ணை நிலத்துக்கு ஜமீன்தாரும் பட்டா பெற முடிந்தது. அந்நிலங்களில் உழுத குத்தகைதாரர்களுக்கு 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை உறுதியான காப்பு கிடைக்கவில்லை.

புறம்போக்கும் பனைமரமும்

ஜமீன் ஒழிந்ததால் அனுமதி முறை ஒழிந்துவிடவில்லை. அரசு நிலத்தில் அது வேறு வடிவங்களில் நீடித்தது. பாதை, நீர்நிலை, மேய்ச்சல் போன்ற பொதுத் தேவைக்காகத் தீர்வை இல்லாமல் ஒதுக்கப்பட்ட நிலம் புறம்போக்கு. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, புறம்போக்கில் குடியிருப்பவருக்கோ பயிரிடுபவருக்கோ அபராதத் தீர்வை விதிக்கலாம், அவரை வெளியேற்றவும் செய்யலாம். அதற்கான அறிவிப்பே ஊர்களில் 'பி மெமோ' எனப்படுகிறது.

பி மெமோ ரசீதுகளைப் பல குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தகரப் பெட்டியில் பாதுகாத்து வைத்திருக்கின்றன. அவ்விடத்தில் நெடுங்காலம் இருந்ததற்கு அவை சான்றாகும். ஆனால் அத்தீர்வையைக் கட்டியதால் மட்டும் எந்த அனுபவ உரிமையும் வராது என்பதே சட்டத்தின் நிலை. கட்டியவர் அதை வரி என்று நினைக்கிறார், வாங்கியவர் அபராதம் என்று எழுதுகிறார்.

'2சி பட்டா' இன்னொரு வடிவம். புறம்போக்கில் நிற்கும் பனை, புளி போன்ற மரங்களின் பலனை அனுபவிக்க, மரவரி செலுத்தும் ஒருவருக்கு அது தரப்படுகிறது. பெயர் பட்டா என்றாலும் மண்ணில் பாத்தியதை கிடையாது. மரத்தின் பலன் ஒருவருக்கு, மரம் நிற்கும் நிலம் அரசுக்கு. பனையை நம்பி வாழ்ந்த தென் மாவட்டக் குடும்பங்களுக்கு இது பழகிய ஏற்பாடு. தனியார் தோப்புகளிலும் மரம் ஏறுபவர் பெரும்பாலும் மரத்துக்கோ மண்ணுக்கோ சொந்தக்காரர் அல்லர்.

வணிகர்களின் அனுபவமும் இதோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுபட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர்களில் நிலைகொண்ட நாடார் வணிகர்கள் 'பேட்டை' என்னும் சுற்றுமதில் வளாகங்களை அமைத்தனர். சரக்கு வண்டிகள் தங்கவும் மூட்டைகளைப் பாதுகாக்கவும் அவை பயன்பட்டன. வணிகர்கள் தங்களுக்குள் வசூலித்த மகமைப் பணம் இத்தகைய பொதுக் காரியங்களுக்கு உதவியது. பிறர் இடத்தில் பிறர் தயவில் தங்கும் வணிகருக்கும், தம் உறவின்முறைக்குச் சொந்தமான பேட்டையில் இறங்கும் வணிகருக்கும் இடையிலான வேறுபாடு அச்சமூகத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு உதவிய காரணங்களில் ஒன்று.

குடியிருப்பு மனை

பயிர் நிலத்தைவிடக் கடுமையான சார்பு வீட்டு மனையில் இருந்தது. நிலமற்ற விவசாயத் தொழிலாளர்கள் பலர் தாங்கள் வேலை செய்த நிலச்சொந்தக்காரரின் மனையிலேயே குடிசை போட்டிருந்தனர். மனை தருவது வேலையோடு ஒட்டிய அனுமதி. கூலி உயர்வு கேட்டாலோ வேறிடம் வேலைக்குப் போனாலோ குடிசையைப் பிரிக்கச் சொல்லலாம். இத்தகைய அனுமதி, இடம் தருவதோடு வாயையும் கட்டிவிடுகிறது.

செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த திரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை, பறையர் சமூகத்து உழைப்பாளர்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்பதையும், அதனால் அவர்கள் மிராசுதார்களின் பிடியில் இருப்பதையும் அரசின் முன் வைத்தது. இதற்கான பொதுவான தீர்வு வர எண்பது ஆண்டுகள் ஆயின. தமிழகத்தில் 1961இல் குடியிருப்பாளர்களை வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டமும், 1971இல் குடியிருப்பு மனைகளை அங்கே வாழும் விவசாயிகள், விவசாயத் தொழிலாளர்களுக்கே உடைமையாக்கும் சட்டமும் வந்தன. முதற்சட்டம் அனுமதியைத் திரும்பப் பெறும் அதிகாரத்தை மட்டும் கட்டுப்படுத்தியது. இரண்டாவது சட்டம் அனுமதியையே உரிமையாக மாற்றியது.

நிபந்தனையோடு வரும் உரிமை

திரெமென்ஹீர் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணையின் வழியாக ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்கும் முறை தொடங்கியது. இவையே 'பஞ்சமி நிலங்கள்' எனப்படுகின்றன. குறித்த ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம் என்பன நிபந்தனைகள். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இது அனுமதிக்கும் முழு உரிமைக்கும் இடைப்பட்டது. திரும்பப் பெறும் அதிகாரம் எப்போதும் குடிக்கு எதிரானது என்று சொல்ல முடியாது என்பதை இந்நிலங்கள் காட்டுகின்றன. கடனுக்கும் மிரட்டலுக்கும் நிலம் கைமாறிப் போகாமல் தடுக்கவே அந்த நிபந்தனை வைக்கப்பட்டது. ஆயினும் ஏராளமான பஞ்சமி நிலங்கள் பிறர் கைக்குப் போயின. மீறினால் திரும்ப எடுக்கும் அதிகாரத்தை அரசு பெரும்பாலும் பயன்படுத்தவில்லை. 1994இல் செங்கல்பட்டு அருகே காரணையில் இந்நிலங்களை மீட்கக் கோரி நடந்த போராட்டத்தில் காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர்.

பட்டாசு ஆலையில் உரிமமும் உள்குத்தகையும்

சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் 1923இல் தொடங்கியது. 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளுக்குப் பிறகு பட்டாசு உற்பத்தி உரிமம் பெற்ற தொழிலாக வளர்ந்தது. மழை குறைந்த வறண்ட புஞ்சை இதற்கு ஏற்றதாக இருந்தது. உற்பத்தி அறைகளுக்கு இடையே பாதுகாப்பு இடைவெளி விட வேண்டியிருப்பதால், சிறு ஆலைக்கும் பரந்த நிலம் வேண்டும்.

இங்கே இரண்டு வகைப் பிடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைகின்றன. ஆலை நிற்கும் நிலம் உரிமையாளரின் நிலைத்த சொத்தாக இருக்கலாம். ஆனால் அந்நிலத்தில் பட்டாசு செய்வது அரசு தரும் உரிமத்தால் மட்டுமே இயலும். 'உரிமை', 'உரிமம்' என்ற இரு சொற்களுக்கும் வேர் ஒன்றேயானாலும் பொருள் எதிரெதிர். உரிமம் என்பது நிபந்தனையோடு தரப்பட்ட அனுமதி. நிபந்தனை மீறப்பட்டால் அதை நிறுத்தி வைக்கலாம், நீக்கலாம்.

உரிமம் பெற்றவர் தன் ஆலை அறைகளை வேறு பலருக்கு வாடகைக்கு விடுவது 'உள்குத்தகை' எனப்படுகிறது. இது விதிகளுக்கு எதிரானது. உரிமம் பார்த்துக் கொடுக்கப்பட்ட ஆள் ஒருவர், வெடிமருந்து கலக்கும் ஆள் வேறொருவர் என்றாகிவிடுகிறது. உள்குத்தகைக்காரருக்கு நிலத்திலும் பாத்தியதை இல்லை, உரிமமும் இல்லை. நாளை இருப்போமா என்பது தெரியாத நிலையில், கொடுத்த வாடகையைச் சில மாதங்களில் எடுத்துவிட வேண்டிய நெருக்கடி அவருக்கு உண்டு. ஓர் அறைக்கு நான்கு பேர் என்ற வரம்பை மீறுவதும், மரத்தடியிலும் வராந்தாவிலும் வேலை நடப்பதும் இந்த நெருக்கடியோடு தொடர்புடையவை. நீண்ட காலம் இருக்கப்போகிறவர் செய்யும் பாதுகாப்புச் செலவை, தற்காலிகமாக இருப்பவர் செய்ய முன்வருவதில்லை.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பின்னதில் ஆலை குத்தகைக்கும் உள்குத்தகைக்கும் விடப்பட்டிருந்தது தெரியவந்தது. இறந்தவர்கள் அந்த ஏற்பாட்டில் எந்தத் தாளிலும் பெயர் இல்லாத கூலித் தொழிலாளர்கள்.

பிற நாடுகளில்

இந்த வேறுபாடு உலகெங்கும் உண்டு. உரோமானியச் சட்டத்தில், வேண்டிக் கேட்டதால் தரப்பட்டு, கொடுத்தவர் விருப்பப்படி திரும்பப் பெறக்கூடிய அனுபவம் 'பிரிகாரியம்' எனப்பட்டது. இங்கிலாந்தில் 'காப்பிஹோல்டு' நிலத்தைக் குடியானவர்கள் பிரபுவின் விருப்பப்படி வைத்திருப்பதாகவே ஏடுகள் கூறின. ஆனால் பண்ணை வழக்கமும் நீதிமன்றங்களும் அதை மெல்ல மெல்ல நிலைத்த உரிமையாக்கின. 1926இல் அம்முறை ஒழிக்கப்பட்டு முழு உடைமையாக மாறியது.

இலங்கையில் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, அரச காணி முதலில் அனுமதிப்பத்திரத்தின் வழி தரப்படுகிறது. நிபந்தனைகள் நிறைவேறிய பின் அளிப்புப் பத்திரம் கிடைக்கும். அதன் பிறகும் விருப்பம்போல் விற்க முடியாது. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் மக்கள் 'பெர்மிட் காணி', 'உறுதிக் காணி' என்று பிரித்துச் சொல்வது இதனால்தான். மலேசியாவில் அரசு நிலத்துக்குத் தரப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் ஆண்டு முடிவோடு காலாவதியாகும். பெற்றவர் இறந்தாலும் முடிந்துவிடும், பிள்ளைகளுக்குச் செல்லாது.

இன்றைய ஆவணங்கள்

இன்று விருதுநகர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பல வகைத் தாள்கள் புழங்குகின்றன. ஜமீன் ஒழிப்பில் பாட்டனார் பெற்ற இரயத்துவாரிப் பட்டா, பதிவு செய்த கிரயப் பத்திரம், விற்பனைத் தடை நிபந்தனையோடு வந்த இலவச வீட்டுமனைப் பட்டா, மரத்துக்கு மட்டும் பொருந்தும் 2சி பட்டா, பி மெமோ ரசீது, எழுத்தே இல்லாத வாய்ச்சொல் அனுமதி என அவை வேறுபடுகின்றன. பட்டா என்ற பெயர் மட்டும் போதாது. கணினிப் பட்டா வருவாய்த் துறைப் பதிவே, உரிமை மூல ஆவணம் அன்று என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன.

ஒரு தாள் எத்தகையது என்பதை அறியச் சில கேள்விகள் உதவும். நிலம் விற்கப்பட்டால் இருப்பவர் இருக்க முடியுமா? இறந்தால் அது பிள்ளைகளுக்குச் செல்லுமா? கொடுத்தவர் காரணம் சொல்லாமல் திரும்பப் பெற முடியுமா? திரும்பப் பெற்றால் கட்டிய வீட்டுக்கும் தோண்டிய கிணற்றுக்கும் இழப்பீடு உண்டா? 1871இல் தோற்ற குடிகளிடம் இக்கேள்விகளுக்கு விடை சொல்லும் தாள் இல்லை. 1908, 1948, 1971ஆம் ஆண்டுச் சட்டங்கள் பயன் தந்ததற்குக் காரணம், கொடுத்தவரின் மனமாற்றத்தால் உழுபவரும் குடியிருப்பவரும் வெளியேற வேண்டியதில்லை என்று அவை எழுத்தில் உறுதி செய்ததே. அச்சட்டங்கள் எட்டாத புறம்போக்கு மனைகளிலும் உள்குத்தகை அறைகளிலும் பழைய நிலை இன்னும் தொடர்கிறது.